அடுப்படிச் சுவரில் என் முகம்

சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை காலை ஒரு புது நோட்டும் இரண்டு பேனாவும் எடுத்துக்கொண்டு டயாலிசிஸ் வார்டுக்குப் போனேன். பயப்படாதீர்கள், வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை. வாரா வாரம் வரும் இந்தப் பக்கத்துக்கு எழுதத்தான் போனேன்.

விஜயா எங்கள் தெருப் பெண். அந்த வார்டில் நர்ஸ். மாதக்கணக்காக என்னைத் துளைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, மிக்ஸி ரிப்பேரு, மாடித் தோட்டம், மாமியா மருமவ சண்டைன்னு எதையெதையோ எழுதுறீங்க. எங்க பேஷன்ட்டுங்க பஸ்ஸுக்கு நின்னே செத்துடுவாங்க போல இருக்குது. ஒரு வாட்டி வந்து பாத்துட்டு எழுதுனா கொறைஞ்சா போயிடுவீங்க?"

நியாயம்தானே? கிளம்பும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டேன். நல்ல காரியத்துக்குப் போகிறவளின் முகம் நன்றாகவே அமைந்திருந்தது. காட்டன் புடவை, சின்னப் பொட்டு. பட்டு உடுத்திக்கொண்டு நோயாளிகளைப் பார்க்கப் போகக்கூடாது என்கிற அளவுக்கு எனக்கு விவரம் உண்டு.

அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கு எனக்கே கூசுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

வார்டில் வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆள் உயரத்துக்கு ஒரு மெஷின். உடம்பிலிருந்து ரத்தம் ஒரு குழாயில் வெளியே வருகிறது, சுத்தமாகி இன்னொரு குழாயில் உள்ளே போகிறது. நாலு மணி நேரம். வாரத்துக்கு இரண்டு தடவை, சிலருக்கு மூன்று. ஒரு தடவை விட்டால் மூச்சு வாங்கும். இரண்டு தடவை விட்டால் ஆளே இருக்கமாட்டார் என்று விஜயா சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. அங்கே எல்லோருக்கும் அது தெரியும்.

நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டேன்.

கம்மாபுரம் பக்கத்து விவசாயி ஒருவர். டிவிஎஸ்ஸில் தனியாக வருகிறார், தனியாகப் போகிறார். டயாலிசிஸ் முடிந்து வண்டி ஓட்டும்போது தலை சுற்றுமாம். பாதி வழியில் ஒரு புளியமரம் வைத்திருக்கிறார். அதன் கீழே துண்டை விரித்து அரை மணி நேரம் படுத்துவிட்டுப் பிறகு போவாராம். "நெலக்கரிச் சுரங்கம் வருதுன்னு பேசிக்கிறாங்க. நெலம் நிக்குமான்னும் தெரியல, நான் நிப்பனான்னும் தெரியல. ரெண்டுத்துல எது மொதல்லன்னுதான் வூட்டுல பேச்சு" என்று சிரித்தார்.

திட்டக்குடியிலிருந்து வரும் தையல்கார அம்மா ஒருவர். காலை ஷிப்டுக்காக விடியும் முன்பே பஸ் ஏறுகிறார். முடிந்ததும் ஊசி எடுத்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு ஓட வேண்டும். "ரத்தம் நிக்கிற வரைக்கும் பஸ்ஸு நிக்குமா, சொல்லுங்க?" என்றார். ஊசி போடவென்றே ஆபரேஷன் செய்து வைத்த அந்தக் கையால் இனி குடம் தூக்கக்கூடாது, வளையல் போடக்கூடாது. கூட்டத்தில் யாராவது அந்தக் கையைப் பிடித்து இழுத்துவிடுவார்களோ என்று முந்தானைக்குள் மறைத்தே வைத்திருக்கிறார்.

எழுதினேன். வேக வேகமாக எழுதினேன். என்ன அருமையான விஷயங்கள்! புளியமரத்துக்கு அடிக்கோடு வேறு போட்டேன்.

கடைசிக் கட்டிலில் கலியமூர்த்தி. வயது நாற்பத்தைந்து இருக்கும். கருவேப்பிலங்குறிச்சிக்காரர். இங்கே பீங்கான் கம்பெனியில் இருபது வருஷம் சூளையில் சாமான் அடுக்கியவர்.

"உங்க வூட்டு மீட்டர் பொட்டியத் தெறந்து பாருங்க மேடம். ஃபியூஸு கேரியரு வெள்ளையா இருக்கும் இல்ல? அது நான் அடுக்குனதா இருந்தாலும் இருக்கும்."

சூளைச் சூட்டில் குனிந்து நிமிர்ந்து முட்டி வலி. வலிக்கு மெடிக்கலில் மாத்திரை. ஒரு நாளைக்கு ரெண்டு, வேலை அதிகம் என்றால் மூணு. எத்தனை வருஷம்? அதெல்லாம் யார் எண்ணினார்கள் என்றார். பிரஷர் இருப்பதும் தெரியாது. ஒருநாள் முகம் வீங்கியது, கால் வீங்கியது. டாக்டரிடம் போனபோது இரண்டு கிட்னியும் பெரும்பாலும் போயிருந்தன.

விஜயா அவருடைய ஃபைலைப் புரட்டிக்கொண்டே முகத்தைச் சுளித்தாள். "ஆன்ட்டி, இவருதான் எனக்குத் தலைவலி. ரத்தத்துல பொட்டாசியம் ஏறிக்கிட்டே இருக்குது. அது கூடுனா இதயம் சட்டுனு நின்னுடும். இளநி குடிக்கிறீங்களா, பழம் சாப்புடுறீங்களா, கீரை திங்கிறீங்களான்னு எல்லாம் கேட்டாச்சு. எதுவும் இல்லன்னு சத்தியம் பண்றாரு. அப்புறம் எப்புடி ஏறும்?"

கலியமூர்த்தி மெஷினைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

நான் வெளியே வந்தேன். கூட வந்தவர்கள் உட்காரும் பெஞ்சில் ஒரு பெண் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். கண்களில் அப்படி ஒரு மலர்ச்சி.

"நீங்க... பேப்பர்ல எழுதுறவங்கதானே? போட்டோவுல இருக்குற மாரியே இருக்கீங்க! நான் ராணி. உள்ள படுத்திருக்காங்களே கலியமூர்த்தி, அவுங்க வூட்டுக்காரி."

ஒப்புக்கொள்கிறேன். மனசு ஜில்லென்று ஆனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வாசகி! அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

"டீச்சரம்மா வூட்டுல பழசு வாங்கியாந்து ஒண்ணு விடாமப் படிச்சிடுவேன். ஒண்ணே ஒண்ண மட்டும் வெட்டி அடுப்படி சுவத்துல ஒட்டி வச்சிருக்கேன். சோத்துப் பசை போட்டு ஒட்டுனது. இன்னும் அப்புடியே இருக்குது."

"எது ராணி?" என்றேன். ஆசைதான், வேறென்ன?

"வாழத்தண்டு."

எனக்கு உடனே ஞாபகம் வரவில்லை. அப்புறம் வந்தது. உங்களில் பழைய வாசகர்களுக்கும் ஞாபகம் இருக்கலாம். ஒரு வாரம் எழுத எதுவுமே கிடைக்காமல் தவித்தபோது என் கணவருடைய கிட்னிக் கல்லை வைத்து ஒரு பக்கத்தை ஓட்டினேன். 'கிட்னியில் கோளாறா? கவலையை விடுங்கள்!' என்று ஆரம்பிக்கும். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வாழைத்தண்டுச் சாறு. மூன்றே மாதம்... கல் போன இடம் தெரியவில்லை. நாரை மட்டும் நன்றாக எடுத்துவிட வேண்டும் என்று குறிப்பு வேறு. நிறையக் கடிதம் வந்தது. அந்த வருஷத்தில் அதிகம் பாராட்டு வாங்கியது அதுதான்.

ராணி என் பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பாண்டிச்சேரில பெரிய டாக்டரு, டயாலிசிஸ்ஸு பண்ணணும், அதுக்கு முன்னாடி கையில ஆபரேஷன் பண்ணி நரம்பு ரெடி பண்ணணும்னு சொல்லி தேதி குடுத்தாங்க. அந்த வாரந்தான் நீங்க எழுதுனது கையில கெடச்சுது. சாமியே குடுத்த மாரி இருந்துச்சு. மூணு மாசம் பாத்துட்டுப் போவம்னு ஆபரேஷன வேணாம்னுட்டோம்."

"அப்புறம்?" என்று கேட்டேன்.

"ரெண்டரை மாசத்துல உழுந்துட்டாங்க. மூச்சே இல்ல. ஆம்புலன்ஸுல தூக்கிக்கிட்டு ஓடுனோம். கழுத்துல ஓட்ட போட்டுக் குழாய வச்சிதான் உயிரக் காப்பாத்துனாங்க." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களப் பாத்தா ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிக்கிட்டு இருந்தேன் மேடம். நாரு எடுக்கணும்னு எழுதியிருந்தீங்க. நடவு வேலைக்குப் போற அவசரத்துல ரெண்டு மூணு நாளு நான் சரியா நாரு எடுக்காம அரைச்சிட்டேன். அதனாலதான் கேக்காமப் போச்சா? என் தப்புதானா?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?

அவள் இன்னும் முடிக்கவில்லை.

"இப்ப நாரே இல்லாம எடுத்துக் குடுக்குறேன். டயாலிசிஸ்ஸு இல்லாத நாளெல்லாம் ஒரு டம்ளரு. இங்க சொன்னா திட்டுவாங்க, சொல்லல. அவங்களும் பழமா கீரையான்னுதான் கேக்குறாங்க. மருந்து குடுக்குறியான்னு யாரும் கேக்கலியே."

பொட்டாசியம் எங்கிருந்து ஏறுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. விஜயா பத்தடி தூரத்தில் இருந்தாள். நான் எழுந்து உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"நேரமாயிடுச்சு ராணி, அப்புறம் பேசலாம்" என்றேன். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. கேட்டுவிட்டுச் சொன்னார்: "என் கல்ல மெஷின் வச்சு ஒடைச்சது டாக்டரு. நீ குடுத்த சாறுல எனக்கு ரெண்டு வாட்டி வாந்திதான் வந்துச்சு. அப்பவே சொன்னேன்."

சொன்னார். உண்மைதான். முதலில் எழுதியபோது டாக்டரும் அதில் இருந்தார். ஒரு முழுப் பத்தி. படித்துப் பார்த்தேன். டாக்டர் வந்ததும் கதையின் வேகம் போய்விடுகிறது. தண்டுச் சாறுதான் ஜெயித்தது என்றால் படிக்க ஜோராக இருக்கும். டாக்டரை வெட்டிவிட்டேன்.

பொய் எதுவும் எழுதவில்லை, பாருங்கள். கணவர் சாறு குடித்தது நிஜம். கல் போனதும் நிஜம். நடுவில் இருந்ததைத்தான் எடுத்துவிட்டேன். கல் வேறு, கிட்னியே செயலிழப்பது வேறு என்பதும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவும் இல்லை. 'கோளாறு' என்று ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டேன்.

அப்போதாவது விஜயாவுக்கு போன் செய்தேனா? செய்யவில்லை. ஒரு டம்ளர் என்ன செய்துவிடும் என்று நானே டாக்டராகி முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை அடுத்த டயாலிசிஸ், அப்போது நேரில் போய்ப் பக்குவமாகச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். புதன்கிழமை ஒரு டம்ளர் குடித்திருப்பார். வியாழக்கிழமை இன்னொன்று.

அந்த இரண்டு நாளில் நான் என்ன செய்தேன் தெரியுமா? இந்த வாரத்துக்கான பக்கத்தை எழுதி முடித்தேன். புளியமரம், முந்தானைக்குள் மறைத்த கை, ஃபியூஸ் கேரியர் எல்லாம் அதில் இருந்தன. கண்ணில் நீர் வரும்படி எழுதியிருந்தேன். எனக்கே வந்தது. ராணி மட்டும் அதில் இல்லை.

வியாழக்கிழமை மதியம் விஜயா போன் செய்தாள்.

"ஆன்ட்டி, கலியமூர்த்திக்கு செவ்வாக்கெழம எடுத்த ரத்தம் ரிப்போர்ட்டு வந்துடுச்சு. போன மாசத்த விட மோசம். ராணியக்காவுக்கு போன் போட்டுத் திட்டிப்புட்டேன். அழுவுறாங்களே தவிர ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாங்க. அன்னிக்கி உங்ககூட ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தாங்களே, எதாவது சொன்னாங்களா?"

"இல்லையே" என்றேன்.

அவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை. யோசிக்கக்கூட இல்லை. போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அம்பத்தெட்டு வயதில், பேரன் எடுத்த பிறகு, ஒரு மனிதரின் உயிரை விட என் பெயர்தான் பெரிதாகத் தெரிந்திருக்கிறது எனக்கு. மேசை மேல் புதுப் பக்கம் அழகாக மடித்து இருந்தது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

விஜயாவைத் திரும்பக் கூப்பிட்டேன். "பொய் சொல்லிட்டேன்டி" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். "இப்பவே டாக்டருகிட்ட சொல்றேன். நாளைக்கி வரைக்கும் வச்சிருக்கக் கூடாது, இன்னிக்கே கூட்டியாரச் சொல்வாங்க. நான் போன் பண்ணா ராணியக்கா எடுக்க மாட்டாங்க, பயந்து போயிருக்காங்க. நீங்க போங்க ஆன்ட்டி. நீங்களே போயிக் கூட்டியாங்க" என்றாள். அதில் ஆன்ட்டி மட்டும்தான் பழைய ஆன்ட்டி, குரல் வேறாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் முக்கால் மணி நேரம் நின்றேன். நான் பஸ்ஸுக்கு நின்று பல வருஷம் ஆகிறது. உட்காரும் இடத்தில் எல்லாம் மூட்டைகள். வெயில் காலைக் கொளுத்தியது. எனக்கு எந்த நோயும் இல்லை, கையில் ஊசி குத்திய இடம் இல்லை, அப்படியும் தலை சுற்றியது. விஜயா எழுதச் சொன்னது இதைத்தான். நோட்டைக் கொண்டுபோக மறந்திருந்தேன்.

கருவேப்பிலங்குறிச்சியில் இறங்கி விசாரித்துப் போனேன். ஓட்டு வீடு. கலியமூர்த்தி வாசலில் கட்டிலில் சாய்ந்திருந்தார். ராணி என்னைப் பார்த்துப் பதறிப்போய், "வூட்டுக்கே வந்துட்டீங்களா மேடம்!" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கேட்காமலே ஒரு சொம்பு தண்ணீர் வந்தது. மடக் மடக்கென்று குடித்தேன். நிமிர்ந்தால் கலியமூர்த்தி என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலைமாட்டில் ஒரு பாட்டில், பேனாவால் கோடு போட்டது. ஒரு நாளைக்கு அவ்வளவுதான் அவருக்குத் தண்ணீர். சாறு அந்தக் கோட்டில் சேராது. அது மருந்தாயிற்றே.

நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று பயம்.

"ராணி, நான் எழுதுனது தப்பு. என் வீட்டுக்காரருக்கு இருந்தது சின்னக் கல்லு. அதையும் டாக்டருதான் எடுத்தாரு. அத நான் எழுதல, மறைச்சிட்டேன். இவருக்கு வந்திருக்கிறது வேற. அந்தச் சாறு இவருக்கு விஷம். ஒரு சொட்டுக்கூடக் குடுக்காதீங்க. டாக்டர் இப்பவே கூட்டிவரச் சொல்றாரு, வாங்க."

"அச்சுல போட்டிருந்துதே மேடம்" என்றாள்.

"ஆமா. அச்சுல தப்பாப் போட்டேன்."

"அப்ப நாரு?"

"நாருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல ராணி. உங்க மேல ஒரு தப்பும் கெடையாது. என் தப்பு."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னாள்.

"தேதி குடுத்தாங்க மேடம். ஆபரேஷனுக்குத் தேதி குடுத்திருந்தாங்க. நான்தான் போவ வேணாம்னு மல்லுக்கு நின்னேன். இவுங்க போவலாம்னுதான் சொன்னாங்க."

கலியமூர்த்தி கட்டிலிலிருந்து எழுந்து சட்டையைத் தேடினார். "அப்ப இனிமே அந்தக் கருமத்தக் குடிக்க வேணாம் இல்ல? அத மொதல்ல சொல்லுங்க" என்றார். "துவர்ப்பு மேடம். மூக்கப் புடிச்சிக்கிட்டுதான் குடிப்பேன். நீங்க எழுதுனீங்கன்னு இவ வுடவே மாட்டா."

சிரிக்க முயற்சி செய்தேன், முடியவில்லை. அழவும் இல்லை. அழுதால் அவர்கள் எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அந்தச் சௌகரியம் எனக்கு வேண்டாம் என்று இருந்தது.

ராணி விறுவிறுவென்று அடுப்படிக்குள் போனாள். நானும் போனேன். ஸ்டவ்வுக்கு மேலே, புகையும் எண்ணெயும் ஏறிப் பழுப்பாக, நான். ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். சோற்றுப் பசை லேசில் விடுமா? நகத்தால் சுரண்டினாள். எழுத்து இருந்த பாதி கிழிந்து வந்தது. மேல் பாதி வரவில்லை. சுவரில் என் போட்டோ மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

கிழிந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். இப்போது கண் சிவந்திருந்தது.

"இந்தத் தெருவுலயே நாலு பேருக்கு நான் சொல்லியிருக்கேன். ஆஸ்பத்திரிக்கி வர்ற ரெண்டு பேருக்குப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன். இப்ப நான் போயி வேணாம்னு சொன்னா யாரு நம்புவா? நீங்க வாயால சொன்னா போதுமா? எழுதுங்க. அதே எடத்துல, அதே போட்டோ போட்டு எழுதுங்க."

"எழுதறேன்" என்றேன்.

அன்றைக்கு டாக்டர் தயாராகக் காத்திருந்தார். ஒரு நாள் முன்னதாகவே மெஷினில் போட்டுவிட்டார்கள். கலியமூர்த்தி நன்றாக இருக்கிறார். இந்த வாரம் எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியிருக்கிறது என்று விஜயா சொன்னாள். சொல்லிவிட்டு வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாள். முன்பெல்லாம் அப்படி வைக்கமாட்டாள்.

ஆனால் அந்த இரண்டரை மாதம் போனதுதான். ஒழுங்காகத் தேதிக்குப் போயிருந்தால் கழுத்தில் குழாய் இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை. ராணி ராத்திரி பகலாக ஒரு நாரை நினைத்து அழுதிருக்க வேண்டியதும் இல்லை. அதை நான் எந்தப் பக்கத்தில் எழுதித் திருப்பித் தர முடியும்?

புளியமரப் பக்கத்தை அனுப்பவில்லை. அதை விஜயாவுக்காக ஒருநாள் எழுதத்தான் வேண்டும். அந்த விவசாயியும் தையல்கார அம்மாவும் இன்னும் பஸ்ஸுக்கும் மரத்துக்கும் நடுவில்தான் இருக்கிறார்கள். இந்த வாரம் இதற்குத்தான் இடம்.

எனவே இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள். கிட்னி செயலிழந்தவர்களுக்கு வாழைத்தண்டுச் சாறு கொடுக்காதீர்கள். இளநீரும் பழச்சாறும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். நோயாளியைப் பார்க்கப் போகும்போது பையில் பழம் வாங்கிப் போகிறோமே, அதையும்தான். மருந்து என்று நினைத்துக் கொடுப்பதையும் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். டாக்டர் தேதி கொடுத்தால் அந்தத் தேதிக்குப் போங்கள். என்னை மாதிரி ஆட்கள் எழுதுவதைப் படித்துவிட்டு அந்தத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

ராணி, அதே இடம், அதே போட்டோ... சொன்னபடி எழுதிவிட்டேன். இதை வெட்டி அந்த முகத்தின் மேலேயே ஒட்டுங்கள் — பசை கொஞ்சம் கூடுதலாகவே போடுங்கள்.